வில்லும் சுருள்வில்லும்

ஒரு கம்பியைச் சுண்டினால் ஓசை எழுகிறது. அந்த ஓசை எங்கே பிறக்கிறது? கம்பியில் என்று நீங்கள் உடனே சொல்லக்கூடும். அப்படியானால் ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். மெல்லிய கம்பி ஒன்றை இரு கைகளுக்கிடையே இழுத்துப் பிடித்து, நண்பர் ஒருவரைச் சுண்டச் சொல்லுங்கள். ஓசை காதில் விழாத அளவுக்கு மெலிந்திருக்கும். அதே கம்பியை ஒரு தகர டப்பாவின்மீது இழுத்துக் கட்டிச் சுண்டுங்கள். அறை முழுதும் கேட்கும். கம்பி அதேதான், சுண்டிய விரலும் அதேதான். அப்படியென்றால் கூடுதலாக வந்த ஓசை எங்கிருந்து வந்தது?

இந்தச் சிறு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாம் நெடுந்தொலைவு போகலாம். பாபநாசத்து மலையில் தொடங்கி, கலிபோர்னியாவின் கடற்கரைக்குப் போய், மீண்டும் தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைக்கே திரும்பி வரலாம்.

சொரிமுத்தையனார் கோயிலில் ஒரு வில்

பாபநாசத்திலிருந்து மலைப்பாதையில் காரையாறு நோக்கி ஏறினால், பொருநையாற்றின் கரையில் சொரிமுத்தையனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு நெல்லைச் சீமையின் ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் வந்து இங்கே குடில் போட்டுத் தங்குவார்கள். கோயிலில் பட்டவராயன் என்ற தெய்வத்துக்கு ஒரு சன்னதி உண்டு. அங்கே பக்தர்கள் காணிக்கையாகச் செலுத்துவது பூவோ பொன்னோ அல்ல, செருப்பு!

காரணம், வில்லுப்பாட்டில் பாடப்படும் முத்துப்பட்டன் கதையில் இருக்கிறது. முத்துப்பட்டன் என்ற அந்தண இளைஞன் தோல் தொழில் செய்யும் குடும்பத்துச் சகோதரிகளான பொம்மக்கா, திம்மக்கா இருவர்மீதும் காதல் கொள்கிறான். பெண்களின் தந்தை விதிக்கும் நிபந்தனைப்படி பூணூலையும் குடுமியையும் களைந்துவிட்டுச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான். மணம் முடிந்தபின், மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மாள்கிறான், மனைவியர் தீப்பாய்கின்றனர். இம்மலைப் பகுதியையே களமாகக் கொண்ட இக்கதையைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்துப் படித்தவர் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

இந்தக் கதையைப் பாடும் கருவியைச் சற்று உற்றுப் பாருங்கள். ஏறத்தாழ 3 மீட்டர் நீளமுள்ள வலிய மர வில். அதன் இரு முனைகளையும் இணைப்பது தோலை முறுக்கிய நாண். வில்லில் வரிசையாக மணிகள். வில்லின் நடுப்பகுதி ஒரு மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். தலைமைப் பாடகர் சலங்கை கோத்த வீசுகோல்களால் நாணை அடிப்பார். நாண் அதிரும்போது வில்லும் அதிரும். வில்லோடு மணிகளும் குலுங்கும். குடக்காரர் குடத்தின் வாயைத் தட்டையான பத்தியால் அடிப்பார். உள்ளே அடைபட்டிருக்கும் காற்று அதிர்ந்து ‘கும்’மென முழங்கும். உடுக்கை, தாளம், கட்டை ஆகியன உடன் சேரும்.

வேட்டைக்கும் போருக்கும் செய்த கருவியின் நாண், அம்பு விட்ட பிறகும் சிறிது நேரம் ரீங்கரித்துக்கொண்டிருப்பதை என்றோ ஒரு மனிதன் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறான். உலகின் நரம்புக் கருவிகளுக்கெல்லாம் வில்லே மூலம் என்று இசை ஆய்வாளர் பலர் கருதுவர். நாணின் ஓசை தனித்து நிற்காது, அதற்கு மணியும் குடமும் மரமும் வேண்டும் என்பதை அந்த மனிதனின் வழிவந்தோர் கண்டுகொண்டனர். அந்த நாணுக்குத் தோல் தந்தவர்களைச் சமூகம் தள்ளி வைத்தது. ஆனால் அவர்களது கதையைப் பாடுவதற்கும் அந்தத் தோல் நாண்தான் வேண்டியிருந்தது.

கம்பியின் கையிருப்பு

இப்போது நமது பழைய கேள்விக்கு வருவோம். சுண்டப்பட்ட கம்பி காற்றை அசைக்க முயல்கிறது. ஆனால் அது மிக மெல்லியது. கூரான கத்தியால் விசிறினால் காற்று வராதது போலவே, கம்பி காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறதே தவிர, அதைத் தள்ளுவதில்லை. கம்பியின் அதிர்வை அகன்ற பரப்பு ஒன்று வாங்கிக்கொண்டு காற்றைத் தள்ள வேண்டும். வீணையின் குடமும், கிதாரின் பெட்டியும், உங்கள் தகர டப்பாவும் செய்யும் வேலை இதுவே.

பெட்டி புதிதாக ஆற்றல் எதையும் உண்டாக்குவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். விரல் சுண்டியபோது கொடுத்த ஆற்றல்தான் கம்பியின் கையிருப்பு. பெட்டி அந்தக் கையிருப்பை வேகமாகச் செலவழிக்க உதவுகிறது. வேகமாகச் செலவழித்தால் ஓசை உரத்துக் கேட்கும். ஆனால் சீக்கிரம் தீர்ந்துபோகும். மெதுவாகச் செலவழித்தால் நெடுநேரம் நிற்கும். ஆனால் மெலிந்தே கேட்கும். உரமும் வேண்டும், நீளமும் வேண்டும் என்றால் நடவாது. பல நூற்றாண்டுகளாக நரம்புக் கருவி செய்த ஒவ்வொருவரும் இந்த இரண்டுக்கும் இடையே மல்லுக்கட்டியவர்களே.

மாண்டலினை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய கருவி, ஓசை சிறுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் இரட்டையைச் சேர்த்து, நான்கு இணைகளாக எட்டுக் கம்பிகள் வைத்தனர். அப்போதும் ஓசை நீண்டு நிற்காததால், ஒரே சுரத்தை மேலும் கீழுமாக விரைந்து மீட்டிக்கொண்டே இருப்பார்கள். தனித்தனித் துளிகள் சேர்ந்து ஒழுக்காவது போல, தனித்தனி மீட்டுகள் சேர்ந்து ஒரே நீண்ட ஒலி போலக் காதுக்குத் தோன்றும். இந்த உத்தியை மறவாதீர்கள். கதையில் இது மீண்டும் வரும்.

நம் பண்டைய யாழின் கதை துயரமானது. சிலப்பதிகாரம் விரிவாகப் பேசும் அந்தக் கருவியில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். நரம்பை அழுத்தி, வழுக்கி, அசைத்துக் கமகம் எழுப்பும் வசதி அதில் குறைவு. இசை கமகத்தை நாடிச் சென்றபோது வீணை மேலோங்கியது. யாழ் மறைந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. பின்னர் விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து ‘யாழ் நூல்’ எழுதி 1947-இல் வெளியிடவேண்டியதாயிற்று. அடிகள் அதே ஆண்டில் மறைந்தார். இசையின் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாத கருவி எவ்வளவு சிறப்புடையதாயினும் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேரும் என்பதை யாழ் நமக்குச் சொல்கிறது.

அருவியும் கிதாரும் ஒரே விதி

கம்பியின் கையிருப்பைச் செலவழிக்காமலே அதன் ஓசையை உரக்கக் கேட்க முடியுமா? முடியும் என்று காட்டியது மின்சாரம்.

1831-இல் மைக்கேல் ஃபாரடே ஓர் உண்மையைக் கண்டறிந்தார். கம்பிச்சுருளுக்கு அருகே காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னோட்டம் தோன்றும். 1944 முதல் இயங்கும் பாபநாசம் நீர்மின் நிலையத்தில் நடப்பது இதுதான். மேலிருந்து குழாய் வழியே பாயும் பொருநை நீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது, காந்தமும் சுருளும் ஒன்றையொன்று கடந்து சுழல்கின்றன, மின்சாரம் பிறக்கிறது.

இதே அமைப்பை உள்ளங்கைக்குள் அடங்குமாறு சுருக்கிக் கற்பனை செய்யுங்கள். ஒரு காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. அதன்மேல் எஃகுக் கம்பி ஒன்று அதிர்ந்தால் காந்தப்புலம் அதே வேகத்தில் மாறும். சுருளில் அதே வேகத்தில் மெல்லிய மின்னோட்டம் ஏறி இறங்கும். அதைப் பெருக்கியின் வழியாக ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் கம்பியின் குரல் மண்டபம் நிறையக் கேட்கும். ஜார்ஜ் போசாம்ப் என்பவர் 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இவ்வாறு ஒரு கிதாரை உருவாக்கினார். ரிக்கன்பாக்கர் நிறுவனம் வெளியிட்ட அது பார்ப்பதற்கு நீண்ட காம்புடைய வாணலி போல் இருந்ததால் ‘வாணலி’ என்றே பெயர் பெற்றது.

அந்த முதல் மின் கிதார் எந்த வகையைச் சேர்ந்தது தெரியுமா? மடியில் வைத்து, கம்பியின்மேல் உலோகக் கட்டையை வழுக்கி வாசிக்கும் ஹவாய் கிதார். நம் கோட்டுவாத்தியத்தில் மரக்கட்டையை வழுக்குவது போன்ற முறைதான். இந்த முறை பசிபிக் கடலின் ஹவாய்த் தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. அதைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஜோசப் கெக்குக்கு.

பெட்டி இனித் தேவையில்லை என்று ஆனபின், உட்புறம் குடைந்த உடலும் தேவையில்லாமல் போயிற்று. கலிபோர்னியாவில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் (1909–1991) திண்மையான மரப்பலகையில் கிதார் செய்தார். 1954-இல் அவரது ‘ஸ்ட்ராட்டோகாஸ்டர்’ வெளிவந்தது. பலகை கம்பியின் ஆற்றலை அவ்வளவாக விழுங்குவதில்லை. கையிருப்பு கம்பியிலேயே தங்குகிறது. ஓசை நீண்டு நிற்கிறது. உரத்தைப் பெருக்கி கொடுத்துவிடுகிறது. உரமும் நீளமும் சேர்ந்து வாரா என்ற பழைய கட்டு அவிழ்ந்தது. இதில் வியப்பு என்னவென்றால், உலகின் புகழ்பெற்ற கிதார்களைச் செய்த லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது!

கடலலையைக் கம்பியில் பிடித்தவர்

ஹவாயிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்தது கிதார் முறை மட்டுமன்று. பலகையின்மேல் நின்று கடலலையில் சறுக்கி வரும் விளையாட்டும் அங்கிருந்தே வந்தது. 1950களின் இறுதியில் கலிபோர்னியக் கடற்கரை இளைஞர்களுக்கு அதுவே வாழ்வாயிற்று. பகலெல்லாம் அலையில் சறுக்கியவர்கள் மாலையில் ஆடிப்பாட ஓர் இசை கேட்டனர். அப்படிப் பிறந்ததே அலைச்சறுக்கு இசை. அதன் சிறந்த படைப்புகளில் பலவற்றில் சொற்களே இல்லை. கிதாரே பாடகன்.

அதன் முன்னோடி டிக் டேல் (1937–2019). இயற்பெயர் ரிச்சர்ட் மன்சூர். தந்தைவழியில் லெபனான் நாட்டவர். சிறு வயதில் உறவினரிடமிருந்து அரபு நாட்டு ‘ஊத்’ என்ற நரம்புக் கருவியின் இசையையும், மத்தள வகைக் கருவியின் அடியையும் கேட்டுப் பழகியவர். இடக்கைப் பழக்கமுடைய அவர், வலக்கையர்க்கெனக் கம்பி கட்டிய கிதாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசித்தார். 1961-இல் பால்போவா என்னும் கடற்கரை ஊரின் ‘ராந்தேவு’ நடன மண்டபத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர் கூடும் நிகழ்ச்சிகளை நடத்தத் தொடங்கினார்.

அலையில் சறுக்கும்போது காதில் விழும் முழக்கத்தைக் கம்பியில் கொண்டுவர வேண்டும் என்பது அவரது ஆசை. அதற்காகத் தடித்த கம்பிகளைக் கட்டினார். மத்தளம் வாசிப்பவர் இரு கைகளையும் மாற்றி மாற்றி அடிப்பது போல, ஒரே கம்பியை மேலும் கீழும் இடைவிடாமல் விரைந்து மீட்டினார். மாண்டலின்காரர் குறையை மறைக்கக் கையாண்ட உத்தியை நினைவு கூருங்கள். டேலின் கையில் அதுவே குறையின்றி, கரையில் மோதும் அலைத்தொடராக மாறிற்று.

அந்த உரத்துக்கு அன்றைய பெருக்கிகள் ஈடுகொடுக்கவில்லை. சூடேறிப் புகைந்தன. ஒலிபெருக்கியின் காகிதக் கூம்புகள் கிழிந்தன. லியோ ஃபெண்டர் மனம் தளராமல் புதிது புதிதாகச் செய்து கொடுத்தார். டேல் ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டு வந்தார். மண்டபத்தில் கூடும் கூட்டத்துக்கு நடுவே நின்று கேட்ட பிறகே டேலின் தேவை ஃபெண்டருக்கு முழுமையாக விளங்கியதாம். இறுதியில் 15 அங்குல ஒலிபெருக்கியோடும் ஆற்றல்மிக்க பெருக்கியோடும் அந்தப் போட்டி முடிவுக்கு வந்தது. கலைஞன் கேட்பான், தொழிலாளி செய்வான், கலைஞன் உடைப்பான், தொழிலாளி மீண்டும் செய்வான். கருவிகள் வளர்ந்த வரலாறே இதுதான்.

அந்தச் சுரங்கள் நமக்குத் தெரிந்தவையே

1962-இல் டேல் பதிவுசெய்த ‘மிசிர்லூ’ என்ற பாட்டு அலைச்சறுக்கு இசையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஒரே கம்பியில் ஒரு பாட்டு முழுவதையும் வாசிக்க முடியுமா என்று ஓர் இளைஞன் கேட்டதற்கு விடையாக அவர் இதை எடுத்துக்கொண்டார். ‘எகிப்துப் பெண்’ என்று பொருள்படும் இது கீழை மத்தியதரைக் கடல் பகுதியின் பழைய மெட்டு. கிரேக்க மொழியில் 1927-லேயே இசைத்தட்டில் பதிவாகியிருக்கிறது.

இதன் சுர வரிசையை எழுதிப் பாருங்கள்: சட்ஜம், சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். இசை பயிலும் மாணவர் உடனே அடையாளம் கண்டிருப்பார். 15-ஆவது மேளகர்த்தாவான மாயாமாளவகௌளையின் சுரங்கள் இவை! நம் வீடுகளில் குழந்தைகள் சரளி வரிசை தொடங்கும் அதே சுரங்கள். சுர அடுக்கு ஒன்றாயிருப்பதால் இரண்டும் ஒரே ராகம் என்று சொல்லிவிடலாகாது. பிடிப்பும் அசைவும் வேறு. ஆயினும், திருநெல்வேலியில் ஒரு சிறுமி விடியற்காலையில் பாடும் ஏழு சுரங்களே கலிபோர்னிய அலைமேல் ஏறி உலகைச் சுற்றின என்பது நினைக்க இனிமையானதுதானே?

ஒரு மண்டபத்தைப் பெட்டிக்குள் அடைத்தல்

அலைச்சறுக்கு இசையைக் கேட்டவர்கள் அதை ‘ஈரமான’ ஒலி என்பார்கள். ஒவ்வொரு மீட்டும் நீர்நிறைந்த குகைக்குள் விழுந்த கல்லைப்போல் சிதறி ஒலிக்கும். இந்த ஈரம் எங்கிருந்து வந்தது? கம்பியிலிருந்தும் அல்ல, பெருக்கியிலிருந்தும் அல்ல.

நெல்லையப்பர் கோயில் போன்ற கற்கோயில் ஒன்றில் கூட்டமில்லா வேளையில் கைதட்டிப் பாருங்கள். ஓசை உடனே அடங்காது. சுவரிலும் தூணிலும் கூரையிலும் பட்டுப் பட்டுத் திரும்பும். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. தடுப்பு 17 மீட்டருக்கு அப்பால் இருந்தால், திரும்பி வரும் ஓசை பத்தில் ஒரு நொடிக்குப் பின்னர் வரும். அதைத் தனி எதிரொலியாகக் கேட்கிறோம். தடுப்புகள் அருகருகே இருந்தால் திரும்பும் ஓசைகள் ஒன்றோடொன்று கலந்து நீண்ட ஓசையாகிவிடும். இதை எதிர்முழக்கம் என்பர். கருங்கல் ஒலியை விழுங்குவதில்லை. ஆகவே ஓதுவாரின் ஒரு வரி கோயிலில் பெருகி ஒலிக்கிறது. துணியும் மனித உடலும் விழுங்கிவிடும். ஆகவே கூட்டம் நிறைந்தால் அதே இடம் அடங்கிப்போகிறது. நெல்லையப்பர் கோயிலின் மணிமண்டபத்தில் ஒரே கல்லில் குடைந்த சிறுதூண்களைத் தட்டினால் வெவ்வேறு சுரம் எழுவதை நீங்கள் அறிவீர்கள். அது தூண்களே அதிர்வதால் வருவது. இங்கே நாம் பேசுவது மண்டபத்தின் வேலையைப் பற்றி.

எதிர்முழக்கத்தை முதன்முதலில் அளந்தவர் ஹார்வார்டு பல்கலைக்கழகத்தின் இளம் ஆசிரியர் வாலஸ் சேபின். 1895-இல், அங்கே ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை என்ற குறையைத் தீர்க்க அவரிடம் ஒப்படைத்தனர். ஒரு சொல் அடங்குவதற்குள் ஐந்து நொடிக்கு மேல் ஆனது. சேபின் இரவு நேரங்களில், பக்கத்து அரங்கிலிருந்து மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஓர் இசைக்குழாயை ஒலித்து, நின்றுபோகும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டு வைக்க வேண்டும்! இந்த உழைப்பிலிருந்தே கட்டட ஒலியியல் என்ற துறை பிறந்தது.

சரி, பெரிய மண்டபம் இல்லாதவன் என்ன செய்வான்? 1935-இல் லாரன்ஸ் ஹாமண்ட் மின்சார ஆர்கன் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மாதா கோயிலின் உயர்ந்த கூரையின் கீழ் முழங்கவேண்டிய இசை, கம்பளம் விரித்த சிறு வீட்டில் வறண்டு ஒலித்தது. விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. தொலைபேசி ஆய்வு செய்து வந்த பெல் ஆய்வுக்கூடத்தினர், நெடுந்தொலைவுத் தொலைபேசியில் குரல் தாமதித்து வருவதைச் சோதனைக்கூடத்திலேயே உண்டாக்கிப் பார்க்கச் சுருள்வில்களைப் பயன்படுத்தியிருந்தனர். ஹாமண்ட் அந்தச் சுருள்வில்லை எடுத்துக்கொண்டார்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. சுருள்வில்லின் ஒரு முனையை மின்னலைகளால் அதிரச் செய்கிறோம். அதிர்வு சுருள் சுருளாக நகர்ந்து மறுமுனைக்குச் செல்கிறது. சுருண்ட பாதையாதலால் மெல்லவே செல்லும். கை நீளச் சுருள்வில்லைக் கடக்கச் சுமார் முப்பதில் ஒரு நொடி ஆகும். அந்நேரத்தில் ஒலி காற்றில் 11 மீட்டர் சென்றிருக்கும். அதாவது ஒரு மண்டபத்தின் அகலம், கையகலப் பெட்டிக்குள்! மறுமுனையில் பட்ட அதிர்வு திரும்பி வரும், மீண்டும் போகும். கோயில் சுவர்களுக்கிடையே நடப்பது போலவே. ஆனால் முழுதும் அப்படியல்ல. காற்றில் எல்லாச் சுருதிகளும் ஒரே வேகத்தில் செல்லும். சுருள்வில்லிலோ ஒவ்வொரு சுருதியும் ஒவ்வொரு வேகத்தில் செல்லும். கூர்மையான ஒரு மீட்டு மறுமுனையை அடையும்போது இழுபட்டு, நீர் சொட்டுவது போன்ற ஓசையாக மாறிவிடுகிறது. மண்டபத்தைப் போலி செய்ய வந்த கருவி, எந்த மண்டபத்திலும் இல்லாத ஒலியைத் தந்தது.

1961-இல் ஃபெண்டர் நிறுவனம் சுருள்வில் வைத்த தனிப்பெட்டி ஒன்றை வெளியிட்டது. டிக் டேல் தம் பாட்டுக் குரலுக்கு மெருகு சேர்க்கவே அதை முதலில் நாடியதாகக் கூறியிருக்கிறார். பின்னர் அது கிதாரோடு சேர்ந்தது. 1963-இல் ‘சான்டேஸ்’ குழுவினர் வெளியிட்ட ‘பைப்லைன்’ பாட்டில் அந்த ஈர ஒலியைத் தெளிவாகக் கேட்கலாம். தொலைபேசிப் பொறியாளர்களின் குறை, ஆர்கன் வியாபாரியின் தந்திரம், வானொலிக் கடைக்காரரின் கைத்திறன், லெபனான் வழிவந்த இளைஞனின் காது எல்லாம் சேர்ந்து கடலைக் கம்பிக்குள் கொண்டுவந்தன.

ஐந்து கம்பி மாண்டலின்

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். மேனாட்டுக் கருவியை நாம் ஏற்றுக்கொண்டது புதிதல்ல. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்கு ஆக்கிக்கொண்டு, எட்டயபுரம் அரசவையில் வித்துவானாக விளங்கினார். பழைய திருநெல்வேலிச் சீமையில் நடந்த அந்தப் புதுமையை இன்று யாரும் புதுமை என்று நினைப்பதே இல்லை.

ஆனால் மின்சாரக் கருவி? அதற்கு விடையளித்தவர் உ. ஸ்ரீநிவாஸ். 1969-இல் ஆந்திராவின் பாலக்கொல்லு என்ற ஊரில் பிறந்தவர். தந்தையின் மாண்டலினைக் குழந்தைப் பருவத்திலேயே எடுத்து வாசித்தார். குரு ருத்ரராஜு சுப்பராஜு செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். மாண்டலின் வாசிக்கத் தெரியாதவர். அவர் பாடுவார், சிறுவன் அந்தப் பாட்டையே கம்பியில் தேடிப் பிடிப்பான். 1978-இல் குடிவாடாவில் முதற் கச்சேரி; 1981-இல் சென்னையில்.

மாண்டலினில் கமகம் வருமா என்று ஐயுற்றவர் பலர். அது நியாயமான ஐயமே. யாழை வீழ்த்திய குறையல்லவா அது? இரட்டைக் கம்பிகளை ஒருசேர அழுத்தி வளைப்பது கடினம். ஓசையோ கண நேரத்தில் மடிந்துவிடும். மடிந்த ஓசையில் கமகம் ஏது? ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினை எடுத்துக்கொண்டார். உரத்தைப் பெருக்கி தருவதால் இரட்டைக் கம்பி தேவையில்லை, ஒற்றைக் கம்பிகளாக்கினார். திண்மையான உடலில் ஓசை நீண்டு நிற்பதால் ஒரே மீட்டில் விரலை வழுக்கியும் அசைத்தும் ராகத்தின் வளைவுகளைக் காட்ட இடம் கிடைத்தது. கீழ்ச்சுரங்களுக்காக ஐந்தாவது கம்பி ஒன்றைச் சேர்த்தார். டேல் மின்சாரத்தைக் கொண்டு அலையின் முழக்கத்தைத் தேடினார். ஸ்ரீநிவாஸ் அதே மின்சாரத்தைக் கொண்டு குருவின் மிடற்றோசையைத் தேடினார். கருவி ஒன்று, கேட்ட கேள்வி வேறு, ஆகவே கிடைத்த விடையும் வேறு. 1983-இல் பெர்லின் ஜாஸ் விழாவில் அவர் வாசித்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. 2014-இல், 45 வயதிலேயே, அவர் சென்னையில் மறைந்தார்.

அவருக்குப் பக்கத்திலேயே மின் கிதாரிலும் கர்நாடக இசை வளர்ந்தது. சுகுமார் பிரசாத், சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்ற பிரசன்னா ஆகியோர் அவ்வழியில் நடந்தவர்கள்.

நாண் அறுந்துவிடக் கூடாது

சொரிமுத்தையனார் கோயில் வில்லுக்கு மீண்டும் வருவோம். திருநெல்வேலியை அடுத்த சத்திரம்புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் வில்லுப்பாட்டை நகர மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுசென்றார், 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2022-இல் மறைந்தார். இன்று கொடை விழாக்களில் வில்லுக்கும் குடத்துக்கும் முன்னால் ஒலிவாங்கி நிற்கிறது. அதில் தவறில்லை. தோல் நாணைக் காந்தச் சுருள் உணராது. எஃகுக் கம்பியை மட்டுமே உணரும். ஆனால் ஒலிவாங்கிக்குத் தோல், எஃகு என்ற வேற்றுமை இல்லை. வில்லுக்கு மின்சாரம் பகையுமல்ல, தானாகவே உறவுமல்ல. வில்லின் மணி, நாண், குடம் ஒவ்வொன்றும் எந்த அளவில் கேட்கவேண்டும் என்று கவனித்து ஒலிவாங்கி வைக்கும் ஒரு லியோ ஃபெண்டர் நம் ஊரில் எழ வேண்டும். வெற்று இரைச்சலில் குடத்தின் ‘கும்’ அமுங்கிப்போனால், பிழை மின்சாரத்தினுடையதல்ல. காது கொடாத நம்முடையது.

கட்டுரையை முடிக்குமுன் ஒரு சோதனை. பிளாஸ்டிக் உறையில்லாத, தளர்ந்து நீளக்கூடிய எஃகுச் சுருள்வில் ஒன்றைத் தேடுங்கள். அதன் ஒரு முனையைக் காகிதக் குவளையின் அடிப்பாகத்தில் கோத்து முடியுங்கள். மறுமுனையைச் சன்னல் கம்பியில் கட்டிச் சற்றே இழுத்து, குவளையைக் காதில் வைத்துக்கொண்டு, நண்பரைச் சுருளின்மேல் பென்சிலால் ஒரு முறை தட்டச் சொல்லுங்கள். ‘டக்’ என்று விழுந்த தட்டு ‘டியூவ்வ்’ என்று இழுபட்டு, திரும்பித் திரும்பி வருவதைக் கேட்பீர்கள். பெல் ஆய்வுக்கூடத்தாரும் ஹாமண்டும் ஃபெண்டரும் கேட்டது இதைத்தான்.

பிறகு ஒரு கொடை இரவில் வில்லுக்கு அருகே போய் உட்காருங்கள். ஓசை எங்கே பிறக்கிறது என்று இப்போது உங்களைக் கேட்டால், கம்பியில் என்று மட்டும் சொல்லமாட்டீர்கள். நாணிலும், மரத்திலும், குடத்துக் காற்றிலும், கல்மண்டபத்திலும், நாணுக்குத் தோல் பதப்படுத்தியவரின் கையிலும், கேட்கும் உங்கள் செவியிலுமாக அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிறக்கிறது. அவற்றில் எது ஒன்று விலகிப்போனாலும் வில் ஊமையாகிவிடும்.